மிளகை மிதக்கவிட்ட மாப்பிள்ளைக்கு

மதுரை,
4-12-1978

அன்புள்ள மச்சானுக்கு,

சுப்புராஜ் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை சீனியம்மாளும் சுகம். அங்கே நீங்களும் வீரபாண்டியும் மருமகள் பாக்கியமும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாலரை வருஷம் கழித்து எழுதுகிறேன். பழையதைப் பேச எழுதவில்லை. ஆபீஸ் காரியம்.

எங்கள் ஆபீசில் புழங்கும் இங்கிலீஷ் வார்த்தைகளுக்கெல்லாம் தமிழ் கண்டுபிடித்து ஒரு பட்டியல் போட வேண்டும் என்று உத்தரவு. வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு வார்த்தை. நானூற்று ஆறு முடிந்துவிட்டது. மிச்சம் ஆறில் சிக்கிக்கொண்டேன். செக், வெரிஃபை, இன்ஸ்பெக்ட், எக்ஸாமின், சர்வே, ஸ்க்ரூட்டினி. ஆறுக்கும் 'பார்த்தல்' என்று எழுதிக் கொடுத்தேன். அதிகாரி வெங்கிடராமன் சிவப்பு மையில், "எல்லாம் பார்த்தல்தானா? மறுபடி பார்க்கவும்" என்று எழுதித் திருப்பிவிட்டார். அகராதியைத் திறந்தால் முதல் வார்த்தைக்கு இரண்டாவதைப் பார் என்கிறது, இரண்டாவதற்கு மூன்றாவதைப் பார் என்கிறது, மூன்றாவதற்குப் போனால் முதலாவதற்கே திருப்பி அனுப்புகிறது.

பிப்ரவரி பத்தாம் தேதிக்குள் கொடுக்காவிட்டால் பட்டியல் வெங்கிட்டு என்கிற பி.ஏ. படித்த புதுப் பையனிடம் போய்விடும். கொடுத்துவிட்டால் முதல் பக்கத்தில் 'தொகுத்தவர் சுப்புராஜ்' என்று போடுவார்கள். மே மாதம் நான் ரிடையர் ஆகிறேன். முப்பத்து நாலு வருஷத்தில் என் பெயர் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு எந்தத் தாளிலும் ஏறியதில்லை.

சீனியம்மாள்தான் சொன்னாள்: "எங்க அண்ணன் அம்பது வருசம் துரைமார்கூட நின்னு பார்க்கிற வேலைதானே பார்த்துச்சு? அதுக்குத் தெரியாதா? கேளுங்க." அதனால் கேட்கிறேன்.

தங்கள்,
சுப்புராஜ்


மட்டாஞ்சேரி,
13-12-1978

மாப்பிள்ளை சுப்புராஜ் அவர்களுக்கு,

மட்டாஞ்சேரி கொச்சங்காடித் தெருவிலிருந்து சங்கிலிப்பாண்டி சொல்ல, பாக்கியலக்ஷ்மி எழுதுவது. மகன் வீரபாண்டிக்கு மலையாளம்தான் எழுத வரும். அதனால் சாயா வைக்கிற வேலையை விட்டுவிட்டு இவள் உட்கார்ந்திருக்கிறாள்.

பழையதைப் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பேச வேண்டாம். நான் பேசுகிறேன்.

1974 வைகாசி. உங்கள் புது வீட்டுப் பால் காய்ச்சு. அந்த மாசம்தான் நான் பண்டகசாலையிலிருந்து நின்றேன். முதலாளி கூப்பிட்டு, "சங்கிலி, எந்து வேணம்?" என்று கேட்டார். கடிகாரம் கேட்டிருக்கலாம், வேட்டி கேட்டிருக்கலாம். வயநாட்டிலிருந்து அன்று காலையில் வந்து இறங்கிய மிளகில், சலிக்காமல் புடைக்காமல் நாலு கிலோ கேட்டேன். எங்கே கொண்டு போக? தங்கச்சி வீட்டுக்கு. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

நீங்கள் நீலக் கரை வேட்டி கட்டியிருந்தீர்கள். பையைப் பிரித்தீர்கள். ஒரு பிடி எடுத்து எவர்சில்வர் டம்ளர் தண்ணீரில் போட்டீர்கள். பதினேழு மிளகு மிதந்தது. நான் எண்ணினேன். "மச்சான், இதுல பப்பாளி விதை கலந்திருக்கு. பேப்பர்லயே போட்டிருந்தான், மிதந்தா பப்பாளி விதைன்னு" என்று பந்தியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னீர்கள். உங்கள் சித்தப்பா சிரித்தார். அவருக்கு இடது பக்கம் மேல் பல் இரண்டு கிடையாது. நான் சாப்பிடாமல் எழுந்து வந்தேன்.

(மாமா இதைச் சொல்லும்போது டம்ளரை எப்படிப் பிடித்தீர்கள் என்று கையால் செய்து காட்டினார். அதை எழுத எனக்குத் தெரியவில்லை. பாக்கியம்)

சீனியம்மாள் கேட்டதால் இரண்டு வார்த்தை சொல்கிறேன். உங்களுக்காக இல்லை.

செக். எங்கள் பண்டகசாலை வாசலில் ஆறுச்சாமி என்று ஒருத்தன் நிற்பான். மூட்டை உள்ளே வரும்போது முத்திரை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பான், விடுவான். வாயிலிருக்கிற பீடியை எடுக்க மாட்டான். ஒரு மூட்டைக்கு ஒரு மூச்சு நேரம். அதற்குப் பெயர் செக்.

வெரிஃபை அப்படி இல்லை. முதலில் ஒருத்தன் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். 1946இல் ஓட்டை விழுந்த மூட்டைகளைப் படகில் கொண்டு வந்த ஒரு வள்ளக்காரன், "எலி கடிச்சது இவிடெயல்ல, ஆலப்புழையிலேயே கடிச்சது" என்று சாதித்தான். கிளார்க் ஆலப்புழைக்கே போய் அங்கே இருந்தவனைக் கேட்டு, எலியையும் ஏறக்குறைய பார்த்துவிட்டுத்தான் வந்தார். அதுதான் வெரிஃபை. சொன்னது மெய்யா என்று பார்ப்பது.

மிச்சம் நாலு வார்த்தை என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

சங்கிலிப்பாண்டி


மதுரை,
20-12-1978

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. செக்கிற்கு 'சரிபார்த்தல்', வெரிஃபைக்கு 'மெய்யறிதல்' என்று எழுதிக் கொடுத்தேன். வெங்கிடராமன் இரண்டையும் ஒப்புக்கொண்டார். "இது எங்கேயிருந்து பிடிச்சீங்க?" என்று கேட்டார். கொச்சியில் விசாரித்தேன் என்றேன். பக்கத்து மேஜையில் வெங்கிட்டு பென்சிலைக் கடித்தான்.

பால் காய்ச்சு அன்று நடந்ததற்கு நான் ஒன்று சொல்லியாக வேண்டும். பேப்பரில் அப்படிப் போட்டிருந்தது உண்மை. நான் வேண்டுமென்று ஒன்றும் செய்யவில்லை. பொதுவாக எந்த மிளகாக இருந்தாலும் போட்டுப் பார்த்திருப்பேன்.

மிச்சம் நாலையும் சீக்கிரம் அனுப்புங்கள். சீனியம்மாள் உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். சித்தப்பா பல் வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சுப்புராஜ்


மட்டாஞ்சேரி,
1-1-1979

மாப்பிள்ளை அவர்களுக்கு,

எந்த மிளகாக இருந்தாலும் போட்டுப் பார்த்திருப்பீர்களா? அன்று உங்கள் அக்கா அரை கிலோ சீரகம் கொண்டு வந்தார். சித்தப்பா ஒரு தூக்கு நெய் கொண்டு வந்தார். நெய்யில் டால்டா இருக்கிறதா என்று பார்த்தீர்களா? பேப்பரில் அதையும்தான் போட்டிருப்பான். என் பையைத்தான் பிரித்தீர்கள்.

(இதற்குப் பிறகு மாமா சொன்ன ஒரு வரியை நான் எழுதவில்லை. பாக்கியம்)

போகட்டும். உங்கள் பெயர் ஒரு தாளில் ஏறட்டும். மூன்று தருகிறேன்.

இன்ஸ்பெக்ஷன். வருகிறவர் நம்மைவிடப் பெரியவர். வருவது முன்கூட்டியே தெரியும். 1952 ஆடி, பேய் மழை. ஒரு சர்க்கார் ஆள் வருகிறார் என்று முந்தின நாளே சுண்ணாம்பு அடித்தோம். தீப்பிடித்தால் அணைக்க வைக்கிற மண் வாளிகளை வரிசையாக அடுக்கினோம். அவர் வந்தார், குடையை மடக்கினார், பண்டகசாலையில் மலைமாதிரி கிடந்த மிளகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாளியை எண்ணினார். ஒரு வாளியில் பூனை சுருண்டு தூங்கியது. பதினொன்று என்று எழுதினார். பூனை எழுந்து போனதும் அடித்துப் பன்னிரண்டு என்று எழுதினார். சாயா குடித்தார், போனார். முறைப்படி எல்லாம் இருக்கிறதா என்று வந்து பார்ப்பது இன்ஸ்பெக்ஷன். சரக்கு நல்லதா கெட்டதா என்பது அவர் பாடு இல்லை.

எக்ஸாமின் அப்படி இல்லை, கட்டை அவிழ்க்க வேண்டும். துறைமுகத்தில் ஒருவர் இருந்தார், கையில் சின்னக் கத்தி. சுக்கு மூட்டையைக் கிழிப்பார், ஒரு துண்டை ஒடிப்பார், மோந்து பார்ப்பார், கடித்துப் பார்ப்பார், துப்புவார். வீரபாண்டிக்குச் சளி கட்டியபோது டாக்டர் சட்டையைக் கழற்றச் சொன்னாரே, அதுவும் அதுதான். வெளியே நின்று எக்ஸாமின் பண்ண முடியாது.

சர்வே. இடக்கொச்சிக்குப் போன வள்ளம் 1959இல் சாய்ந்தது. அரிசி அறுபது மூட்டை நனைந்தது. ஒரு சர்வேக்காரர் வந்தார். எந்த மூட்டை முன்னாலும் நிற்கவில்லை. மொத்தத்தையும் இரண்டு தடவை சுற்றி வந்தார். இத்தனை மூட்டை முழுசாகப் போச்சு, இத்தனை காயவைத்தால் தேறும், இத்தனை தாராவுக்கு, அதாவது வாத்துக்குத்தான் ஆகும் என்று எழுதினார். தாரா வளர்க்கிறவர்கள் அதற்கு முன்பே சாக்கோடு வந்து நின்றார்கள். மொத்த நிலைமையைச் சுற்றி வந்து பார்த்துச் சொல்வது சர்வே.

ஸ்க்ரூட்டினி என்னுடைய சொந்த வேலை. அதைச் சும்மா தர முடியாது.

சங்கிலிப்பாண்டி


மதுரை,
9-1-1979

அன்புள்ள மச்சானுக்கு,

பார்வையிடல், சோதித்தல், சுற்றாய்வு. மூன்றும் பாஸ். பூனைக் கதையை வெங்கிடராமனிடம் சொன்னேன். மனிதர் முப்பது வருஷ சர்வீசில் முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்ததைப் பார்த்தேன். ஆனால் ஸ்க்ரூட்டினிக்கு நானாக 'கவனித்தல்' என்று எழுதினேன், அடித்துவிட்டார். வெங்கிட்டு 'நுண்ணோக்கு' என்று ஒன்றை எழுதிக்கொண்டு வந்து நிற்கிறான். "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஸ்க்ரூட்டினி பண்றவன் என்ன செய்றான்னு கேட்டா இந்தப் பையனுக்குச் சொல்லத் தெரியலை" என்கிறார் அதிகாரி. தெரிந்துகொண்டு வருகிறவனுக்குத்தான் பட்டியலாம்.

ஒன்றே ஒன்றுதான் மிச்சம். என்ன வேண்டும், கேளுங்கள்.

சுப்புராஜ்


மட்டாஞ்சேரி,
17-1-1979

மாப்பிள்ளைக்கு,

'மாப்பிள்ளை அவர்களுக்கு' என்பதில் 'அவர்கள்' என்பதை இந்தத் தடவை விட்டுவிட்டேன். கோபம் குறைந்ததாக நினைக்க வேண்டாம். பாக்கியத்துக்குக் கை வலிக்கிறதாம்.

என் வேலை என்ன என்று உங்களுக்கு யாரும் சொன்னதில்லை, நீங்களும் கேட்டதில்லை. சொல்கிறேன். குத்தூசியை மூட்டையின் அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று குத்தி எடுப்பேன். மேலே நல்ல சரக்கும் அடியில் குப்பையும் போடுகிறவன் உலகத்தில் உண்டு. எடுத்ததை வெள்ளைத் தட்டில் கொட்டி, ஜன்னல் பக்கம் வைத்து, மணி மணியாக விரலால் தள்ளிப் பார்ப்பேன். இது மிளகு, இது பொக்கு, இது கல், இது காம்பு. தூத்துக்குடிக்காரர் ஒருவர், பெயர் வேண்டாம், 1938இல் மூன்று மூட்டையில் பப்பாளி விதை கலந்து கொண்டு வந்தார். துரை தட்டைப் பார்த்தார், குமாஸ்தா பார்த்தார், தெரியவில்லை. நான் ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்தினேன், தோல் சுருங்கிப் பிரிந்தது. மிளகு அப்படிப் பிரியாது. துரை மற்றவர்களிடம் திரும்பி, "திஸ் மேன் டஸ் ஸ்க்ரூட்டினி" என்றார். அன்றிலிருந்து என் வேலைக்கு அதுதான் பெயர்.

பொக்கு மிளகு என்பது உள்ளே பருப்பு நிறையாத மிளகு. அது தண்ணீரில் மிதக்கும். எல்லாத் தோட்டத்திலும் கொஞ்சம் இருக்கும். மிளகு எண்ணெய் எடுக்கிற கம்பெனிக்காரன் அதைத்தான் தேடி வாங்குவான், வாசம் அதில்தான் தூக்கல். சலிக்காத மிளகு என்று நான் கேட்டு வாங்கியது அதற்காகத்தான். இதை அன்றே சொல்லியிருப்பேன். கேட்க ஆள் இல்லை.

ஸ்க்ரூட்டினிக்கு இரண்டு பாதி உண்டு. முதல் பாதி, குறை இருக்கும் என்ற சந்தேகத்தோடு துருவித் துருவிப் பார்ப்பது. அதை உங்களுக்குத் தந்துவிட்டேன். இரண்டாவது பாதியை நான் சொல்ல மாட்டேன். அது உங்களுக்கே தெரியும். அது தெரியாததால் இல்லை, செய்யாததால்தான் நாலரை வருஷம் ஆகிப்போச்சு.

(மாமா இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்க் கோழியை விரட்டினார். கோழி ஒன்றும் செய்யவில்லை. பாக்கியம்)

சங்கிலிப்பாண்டி


மதுரை,
26-1-1979

அன்புள்ள மச்சானுக்கு,

இன்று ஆபீஸ் லீவு. காலையிலிருந்து இந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சீனியம்மாள் இரண்டு தடவை காபி கொண்டு வந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனாள். அவள் கேட்காமல் இருப்பது எனக்குப் பழகிப்போன விஷயம். நாலரை வருஷமாக ரசத்துக்கு மிளகு தட்டும்போதெல்லாம் கேட்காமல்தான் இருக்கிறாள்.

அன்று நீங்கள் போன பிறகு அந்த மிளகை என்ன செய்தோம் என்று உங்களுக்குத் தெரியாது. டம்ளரில் மிதந்த பதினேழையும் நான் தனியாக எடுத்து, காயவைத்து, யாருக்கும் தெரியாமல் உரலில் போட்டு இடித்தேன். பப்பாளி விதையா என்று பார்க்கலாம் என்றுதான். மூன்றாவது இடியிலேயே தும்மல் வந்தது. அடுத்த அறையில் படுத்திருந்த சித்தப்பா தும்மினார். தெருவில் போன பால்காரர் தும்மினார். அவ்வளவு வாசம். அது மிளகுதான், நல்ல மிளகு என்று எனக்கு மூன்றாம் நாளே தெரியும்.

தெரிந்தும் உங்களுக்கு எழுதவில்லை. ஆபீசில் ஒரு கணக்கை அடித்துத் திருத்த வேண்டுமென்றால்கூடக் கை கூசும் எனக்கு. இது பந்தியில் நாற்பது பேர் முன்னால் சொன்னது. எழுத உட்கார்ந்தால் 'பேப்பரில் போட்டிருந்தான்' என்பதில் போய் நிற்கும். போன மாசமும் அங்கேதான் போய் நின்றேன், நீங்கள் பார்த்தீர்கள்.

உங்கள் பையைத்தான் பிரித்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அதுவும் உண்மை. கொச்சியில் மூட்டை குத்துகிறவர் கொண்டு வந்தது என்று ஒரு இளக்காரம் எனக்கு இருந்தது. நான் ஆபீஸ்காரன் என்ற நினைப்பு. அது உங்களுக்கும் தெரிந்திருக்கும், சீனியம்மாளுக்கும் தெரியும். எழுதுகிற கைக்கு மட்டும் இப்போதுதான் வருகிறது.

துருவிப் பார்த்தவன், குறை இல்லையென்றால் இல்லை என்று வாயால் சொல்ல வேண்டும். பார்க்கும்போது எத்தனை பேர் இருந்தார்களோ அத்தனை பேருக்கும் கேட்கும்படி. அதுதான் இரண்டாவது பாதி. சரிதானே?

நேற்று சாயங்காலம் சித்தப்பா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். "எந்த மிளகு?" என்று கேட்டார், மறந்துவிட்டாராம். உட்காரவைத்து முழுக்க ஞாபகப்படுத்தி, பிறகு சொன்னேன். அக்காவிடமும் சொல்லியாகிவிட்டது. மற்ற முப்பத்தெட்டுப் பேரில் சிலர் ஊரில் இல்லை. அவர்கள் வர வர ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

மிளகில் குறை இல்லை மச்சான். குறை என் மேல்தான்.

சுப்புராஜ்


மட்டாஞ்சேரி,
1-2-1979
(கார்டு)

மாப்பிள்ளைக்கு,

இரண்டாவது பாதி அதுவேதான். 'துருவாய்வு' என்று எழுதிக் கொடுங்கள். அதிகாரி கேட்டால் சித்தப்பா வீட்டுக்குப் போன கதையைச் சொல்லுங்கள். முப்பத்தெட்டுப் பேரையும் தேடி அலைய வேண்டாம். உங்கள் மூத்த அண்ணி அன்றைக்கே என்னைப் பார்த்துக் கண் கலங்கினார். அவருக்கு மட்டும் சொன்னால் போதும்.

(மாமா இன்று எனக்குச் சாயா போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். பாக்கியம்)

சங்கிலிப்பாண்டி


மதுரை,
12-3-1979

அன்புள்ள மச்சானுக்கு,

துருவாய்வு பாஸ். பட்டியல் டைப் அடித்து, சைக்ளோஸ்டைலில் உருட்டிப் பிரதி எடுத்து வந்துவிட்டது. ஒரு பிரதி இத்துடன். முதல் பக்கம் பாருங்கள். 'தொகுத்தவர் சுப்புராஜ்' என்பதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கும். பாக்கியத்தைப் படிக்கச் சொல்லுங்கள். வெங்கிடராமன் முதலில், வெளியார் பெயர் போட வழக்கமில்லை என்றார். ஆறு வார்த்தையையும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சுப்புராஜ்


மட்டாஞ்சேரி,
21-3-1979

மாப்பிள்ளைக்கு,

பட்டியல் வந்தது. பாக்கியம் படித்தாள். 'விளக்கம் சொன்னவர் சங்கிலிப்பாண்டி, மட்டாஞ்சேரி' என்று இருக்கிறதாம். எந்த எழுத்திலிருந்து எந்த எழுத்துவரை நான் என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னேன். மை கொஞ்சம் மட்டம்.

(நாலு தடவை காட்டினேன். ஆறுச்சாமி தாத்தாவைக் கூப்பிட்டும் காட்டினார். அவருக்கும் படிக்கத் தெரியாது. இரண்டு பேரும் ரொம்ப நேரம் பார்த்தார்கள். பாக்கியம்)

நானூற்றுப் பன்னிரண்டையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். மூன்று நாள் ஆயிற்று. மாப்பிள்ளை, தப்பு இருக்கிறது. இன்ஸ்பெக்டுக்கு நேரே 'சோதித்தல்' என்றும், எக்ஸாமினுக்கு நேரே 'பார்வையிடல்' என்றும் போட்டிருக்கிறது. டைப் அடித்தவர் வரி மாற்றிவிட்டார். பெரிய வில்லங்கம். வாளி எண்ண வந்தவர் மூட்டையைக் கிழிப்பார், மூட்டையைக் கிழிக்க வேண்டியவர் சாயா குடித்துவிட்டுப் போய்விடுவார். இதில் என் பெயர் வேறு இருக்கிறது.

இதைக் கடிதத்தில் சொல்லித் திருத்த முடியாது. எந்த வரி, எந்தப் பக்கம் என்று நீங்கள் ஒன்று நினைப்பீர்கள், நான் ஒன்று சொல்வேன், அந்த டைப் ஆள் மூன்றாவதாக ஒன்று அடிப்பார். நானே நேரில் வருகிறேன். 30ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை பஸ். கோட்டயம், குமுளி, தேனி வழி, பொழுது சாயும் முன்பே மதுரை. ஒரு நாளில் முடியாது. மூன்று நாள் தங்க வேண்டியிருக்கும். தப்பு அதற்கு மேலும் கிடைத்தால் நாலு நாள். சீனியம்மாளிடம் விசேஷமாக ஒன்றும் சமைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ரசம் போதும்.

ஆபீஸ் காரியமாகத்தான் வருகிறேன்.

சங்கிலிப்பாண்டி

(மதுரை மாமாவுக்கு: பஸ் டிக்கெட் இந்தப் பட்டியல் வருவதற்கு இரண்டு நாள் முன்பே எடுத்தாகிவிட்டது. வீரபாண்டிதான் போய் எடுத்தார். இந்த வரியை மாமாவுக்கு வாசித்துக் காட்ட மாட்டேன். பாக்கியம்)